கிறிஸ்துமஸ் ஊட்டியில் ஒரு காலை நடை

டிசம்பர் உறைபனி கரையும் முன்பே இத்தலாரிலிருந்து ஊட்டிக்கு பஸ் ஏறிவிடுங்கள். சேரிங் கிராஸில் இறங்கி, கமர்ஷியல் சாலை வழியாக மெல்ல மேடேறினால் புனித ஸ்டீபன் தேவாலயம். 1829-ல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டர் அன்று திறந்தார்கள்.

ஆராதனை முடியும்வரை காத்திருந்து உள்ளே செல்லுங்கள். நட்சத்திரங்களையும் குடிலையும் ரசித்த பிறகு அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை!

பின்புறச் சரிவில் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இங்கேதான் உறங்குகிறார்கள். அவர்களை இந்த மண்ணில் விட்டுவிட்டுத்தான் அவர் இங்கிலாந்து திரும்பினார். அவர் கட்டிய ஸ்டோன் ஹவுஸ், ஊட்டியின் முதல் பங்களா, பக்கத்திலேயே இருக்கிறது.

ஏரிக்கும் பூங்காவுக்கும் மதியம் போகலாம். காலையில் இங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.