என்ன நடந்தது என்று கேட்பவர்

ஏப்ரல் 20, 2025. ஞாயிறு

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்குக் கடலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடிகாட்டிலிருந்து பஸ் கிடையாது. ஆட்டோதான். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கோயிலுக்குள் போனபோது முதல் பாட்டு பாதி முடிந்திருந்தது. உயிர்த்த ஆண்டவர் தினந்தோறும் நம்மோடு நடக்கிறார் என்பது பிரசங்கம். சின்ன வயதிலிருந்து கேட்பதுதான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஷிப்டு முடிந்து தூங்கி வழிந்துகொண்டு வருகிறவனுக்கும் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவளுக்கும் அது திங்கட்கிழமையில் எப்படித் தெரியும் என்று போதகர் சொல்லவில்லை. பெந்தெகொஸ்தே வரைக்கும் அதை மட்டும் கவனித்து எழுதுவது என்று இந்த நோட்டைத் தொடங்குகிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார். நேற்றுத்தான் ரோமாபுரியில் கூட்டத்துக்கு ஆசீர்வாதம் சொன்னார். கடலூர் பழைய டவுனிலிருந்து கத்தோலிக்கத் தோழி போனில் அழுதாள்.

எம்மாவு கதையை மறுபடி படித்தேன். எருசலேமிலிருந்து ஏழெட்டு மைல். இரண்டு பேர் மனம் விட்டுப்போய் ஊருக்குத் திரும்புகிறார்கள். உயிர்த்தவர் அரண்மனைக்கோ ஆலயத்துக்கோ போகாமல் இவர்களோடு நடக்கிறார். என்ன நடந்தது என்று கேட்கிறார். நடந்ததெல்லாம் அவருக்கு நடந்தது, ஆணி ஏறியது அவர் கையில். இருந்தும் ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கிறார். வேத விளக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். துக்க வீட்டுக்கு வருகிற நம் ஆட்கள் செருப்பைக் கழற்றும்போதே ஜெபத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தோமாவின் ஞாயிறு. ஆதாரம் கேட்டதற்காக அவரை இரண்டாயிரம் வருஷமாகத் திட்டுகிறோம். எங்கள் ஊரில் அவருக்கு மரியாதை உண்டு என்றே நினைக்கிறேன். 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாள்முதல் ராத்திரியில் வாடை வருகிறது என்று சொன்னோம், ஆதாரம் எங்கே என்றார்கள். 2004ல் இந்தப் பக்கத்து ஆட்களே பயிற்சி எடுத்து, எந்தத் திசையிலிருந்து எத்தனை மணிக்கு என்ன வாடை என்று குறித்தார்கள். அழுகின முட்டை, அழுகின பழம், நகப்பூச்சு என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதினார்கள். வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். காற்றில் இருந்த ரசாயனங்களின் பெயர்கள் அப்படித்தான் வெளியே வந்தன.

பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த வீட்டுக்குள் அவர் வந்தார் என்பதும் இன்றைய பாடத்தில் இருக்கிறது. இங்கே வாடைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம். வந்தவர் காயம் மறைந்துபோன உடம்போடு வரவில்லை. தழும்பைக் காட்டினார், தொட்டுப் பார் என்றார். காயத்தை மறைக்கச் சொல்லாத கடவுள் என்பதுதான் எனக்கு ஈஸ்டரில் பெரிய விஷயம்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. மீன் விலை கேட்கவே பயம். பாடமோ யோவான் 21, கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு கூப்பிடுகிறவர். ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் தவித்தவர்களைச் சாப்பிட வாருங்கள் என்றார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் உப்பனாற்று மடவையைப் பற்றிப் பேசினோம். மருந்து வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

மே 15, வியாழன்

விடிவதற்கு முன்னால் கூச்சல். ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. வீடுகளுக்குள்ளும் புகுந்தது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலரைக் கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விடிந்ததும் சிதம்பரம் சாலையில் மறியல்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க என்ன நடந்தது என்று கேட்கிறவர்கள்தான். அதிகாரிகள், கட்சிக்காரர்கள், மைக்கோடு பையன்கள். பதில் கிடைத்ததும் வண்டி ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வேலை.

என் வீடு கொஞ்சம் மேட்டில் இருப்பதால் தப்பியது. கீழே இருந்து இரண்டு குடும்பங்கள் வந்து தங்கியிருக்கின்றன. அதில் ஒருவர் எதிர்ச்சாரிப் பெரியம்மா. இத்தனை வருஷத்தில் என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஏன் என்று இரண்டு பேருக்கும் தெரியும், பேசிக்கொண்டதில்லை. இன்றைக்கு மத்தியானம் உலை வைத்து வடித்ததும் சாப்பிட்டார், திண்ணையில் தனியாக. பசி.

மே 16, வெள்ளி

இன்றைக்குப் பெரியம்மாவுக்கு அவ்வளவு பசி இல்லை. உறவுக்காரர்கள் வீட்டிலிருந்து அவருக்குத் தூக்குவாளியில் சாப்பாடே வந்துவிட்டது. பெரியம்மா அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ‘எனக்கும் போடு டீச்சர்.’

மே 18, ஞாயிறு

இன்று திருவிருந்து. எங்கள் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர், நெல்லிக்குப்பம் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிறது. லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதிக்கு இடம் கொடுக்கும் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளாமல் பிரிந்து அங்கே வந்தார். 1860களில் டென்மார்க்கு மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரே அப்பம், ஒரே கிண்ணம் என்று பீடத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும் தனித்தனியாக உட்காருவது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று எங்கள் சபையிலேயே யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு எடுத்தால் தெரிந்துவிடும்.

எம்மாவில் உயிர்த்தவரை அடையாளம் கண்டது நடந்த வழியில் இல்லை, அப்பத்தைப் பிட்டபோது. அதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது. அவர் இன்னும் தூரம் போகிறவர்போல் காட்டிக்கொள்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது, தங்கும் என்று அவர்கள் வருந்திக் கேட்ட பிறகே உள்ளே வருகிறார். கூப்பிடாமல் இந்த வீட்டுக்குள் அவர் நுழையவில்லை. ஆண்டவர் என்னோடிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு நான் வாசல் கதவை எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறேன்?

மே 29, வியாழன்

பரமேறின திருநாள். 2021ல் இது மே 13ஆம் தேதி வந்தது. அன்று காலை சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் விபத்து நடந்து நான்கு பேர் செத்தார்கள். கொரோனா காலம், கோயில் பூட்டியிருந்தது. அந்த நான்கு வீடுகளில் போய் அவர் உங்களோடிருக்கிறார் என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. போய் உட்கார்ந்திருக்க முடியும். அவர் மேலே போன பிறகு சீஷர்கள் மிகுந்த சந்தோஷத்தோடு திரும்பினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அந்த சந்தோஷம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே. கோயிலில் நல்ல கூட்டம், நல்ல புழுக்கம். பிரசங்கம் நீளம்.

பெரியம்மா வீட்டைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் திரும்பிப் போய்விட்டார். சுவரின் அடிப்பக்கம் கறை இன்னும் தெரிகிறது. நாளைக்குக் கலெக்டர் ஆபீசில் மனுநாள். தெருக்காரர்கள் மனுக்களை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். சாயங்காலம் பெரியம்மா வந்து தன் மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு நின்றார்.

‘காலையில எட்டு மணி பஸ்ஸுக்கே போயிடலாம் டீச்சர். சோத்த நான் கட்டியாரேன்.’

‘எனக்குமா?’

‘பின்ன, ஒன்ன உட்டுட்டு நான் மட்டும் துன்னுவனா?’

புளிசோறா தயிர்சோறா என்று கேட்டேன். வெயிலுக்குத் தயிர்சோறுதான் தாங்கும் என்றார்.