பெரியப்பா கப்பல் மாறுகிறார்!

எழுபது வயதைத் தாண்டியவர்கள் எதையும் லேசில் மாற்ற மாட்டார்கள். முடிவெட்டும் சலூன், பிரஷர் மாத்திரை எழுதித் தரும் டாக்டர், பென்ஷன் வரும் பேங்க், ஏன், செருப்பு தைக்கிற ஆள்கூட அதே ஆள்தான். ‘நாற்பது வருஷமா இங்கேதான்’ என்பதை ஏதோ ஜனாதிபதி கையால் மெடல் வாங்கின மாதிரி சொல்லிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட வயதில் என் பெரியப்பா ஒன்றை மாற்றினார். கப்பல் கம்பெனியை!

கப்பல் கம்பெனி என்றதும் உங்களுக்கு வ.உ.சி. ஞாபகம் வந்திருந்தால், மன்னிக்கவும். எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பரிசல்கூடக் கிடையாது. பெரியப்பா 1970-களில் விருதுநகரிலிருந்து லண்டன் போனவர். அங்கே ஒரு ஆபீஸில் கணக்கெழுதி, ரிடையர் ஆகி, அங்கேயே தங்கிவிட்டார். நம்மூரில் ரிடையர் ஆனால் காசி, ராமேஸ்வரம். அந்த ஊரில் ரிடையர் ஆனால் க்ரூஸ். சௌதாம்ப்டன் துறைமுகத்தில் ஏறினால், நார்வே, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று சுற்றிவிட்டு அதே துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

வயசானவர்கள் க்ரூஸை விரும்புவதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்தால் போதும்! ராத்திரி ஒரு ஊரில் படுத்து, காலையில் இன்னொரு ஊரில் எழுந்திருக்கலாம். ரூம், டாக்டர், சாப்பாடு எல்லாம் கூடவே மிதந்து வரும்.

இந்த ஏற்பாடு புதுசும் இல்லை. பி அண்ட் ஓ கம்பெனி 1844-லேயே மத்தியதரைக் கடலுக்கு இப்படி ஆட்களை அழைத்துப் போயிருக்கிறது. தாக்கரே என்ற ஆங்கில எழுத்தாளருக்கு அதில் இலவச டிக்கெட். போய்விட்டு வந்து 1846-ல் ஒரு பயணப் புத்தகம் எழுதினார். ஓசி டிக்கெட்டில் ஊர் சுற்றிவிட்டுப் பயணக் கட்டுரை எழுதும் எங்கள் ஜாதிக்கு அவர்தான் மூதாதையர்!

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரே கம்பெனியில் பதினாலு தடவை போனார்கள். கம்பெனி சந்தோஷப்பட்டு கோல்டு கார்டு கொடுத்தது. அதைக் காட்டினால் டிக்கெட்டில் 5 சதவிகிதம் தள்ளுபடி, துணி துவைக்கக் காசில்லை, ஒரு நாள் சாயங்காலம் கேப்டனோடு பார்ட்டி. பார்ட்டியில் எல்லோரும் ஷாம்பெயின் குடிக்க, இவர்கள் இருவரும் ஆரஞ்சு ஜூஸோடு நிற்கிற போட்டோ எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. பெரியம்மா கைப்பையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் இருப்பதும் அந்தப் போட்டோவில் தெரியும். உற்றுப் பார்க்க வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியம்மா போய்விட்டார்.

அடுத்த வருஷம் பெரியப்பா தனியாகப் போனார். அப்போதுதான் அந்த உலகத்தின் ஒரு விசித்திரமான கணக்கு எங்களுக்குத் தெரிந்தது. கப்பல் விளம்பரத்தில் போடுகிற கட்டணம் ‘ஒரு அறையில் இருவர் தங்கினால், தலைக்கு இவ்வளவு’ என்று இருக்கும். ஒருத்தர் மட்டும் தங்கினால்? காலியாக இருக்கிற இன்னொரு கட்டிலுக்கும் அவர்தான் தர வேண்டும். சில கப்பல்களில் கால் பங்கு, அரைப் பங்கு. பல கப்பல்களில் முழுசாக இன்னொரு டிக்கெட். ‘சிங்கிள் சப்ளிமெண்ட்’ என்று அதற்குப் பெயர். சப்ளிமெண்ட் என்றால் ஏதோ வைட்டமின் மாத்திரை மாதிரி இருக்கிறது, இல்லையா?

மனைவி இருந்தபோது இருவருக்கு இரண்டு டிக்கெட். போன பிறகு ஒருவருக்கு இரண்டு டிக்கெட். பெரியப்பா போனில் சொன்னார்: “டேய், உங்க பெரியம்மா இருந்தப்போகூட இவ்வளவு செலவு வைக்கலடா!”

இரண்டாவது பிரச்னை முழங்கால். ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆனால் கப்பல்கள் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போகின்றன. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் இருபது மாடி, ஏழு நீச்சல் குளம், ஆறு சறுக்கு. முழுக்க நிரம்பினால் பயணிகள் மட்டும் 7,600 பேர். நம்மூரில் ஒரு பேரூராட்சி அளவு! பெரியப்பாவின் கம்பெனியும் இந்த ஜோரில் சின்னக் கப்பல்களைக் கழித்துவிட்டுப் பெரிய கப்பல்களை இறக்கியது. ரூமிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடப்பதற்குள் பசி போய் வலி வந்துவிடும் என்றார். போதாததற்குப் பள்ளிக்கூட லீவு சமயம். லிஃப்டில் பையன்கள் எல்லா பட்டனையும் அமுக்கிவிட்டு ஓடுகிறார்களாம்.

“கம்பெனியை மாத்தலாம்னு பார்க்கறேன்டா” என்றார்.

இங்கேதான் அக்கா குறுக்கே வந்தாள். அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். மான்செஸ்டரில் இருக்கிறாள். “பதினாலு ட்ரிப் போய்ச் சம்பாதிச்ச கோல்டு கார்டு. அதைத் தூக்கிப் போட்டுட்டு, முதல்லேருந்து ஆரம்பிக்கறதா? அதுவும் அம்மா ஞாபகம் முழுக்க அங்கேதானே இருக்கு!” என்று அழாத குறை. அப்பாவும் மகளும் ஒரு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. காரணம், குடும்பத்தில் நான் ஒருத்தன்தான் பி.காம். கப்பல் பற்றி எனக்குள்ள அனுபவம், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகு. ஆனால் கணக்கு கணக்குதானே?

வயசானவர்களுக்கென்றே கப்பல் விடுகிறவர்கள் யார் யார் என்று தேடினேன். சிலர் இருக்கிறார்கள். வைகிங் கம்பெனியின் கடல் கப்பல்களில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை. சூதாட்ட கிளப்பும் கிடையாது. நம்ம தாக்கரே புகழ் பி அண்ட் ஓ-வில் ‘ஆர்கேடியா’, ‘அரோரா’ என்ற இரண்டு கப்பல்கள் பெரியவர்களுக்கு மட்டும். எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது ஒரு கம்பெனியின் பெயர். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே நடத்தும் அந்தக் கம்பெனியின் பெயர்... சாகா!

சத்தியமாக! தமிழ் தெரிந்த யாரோதான் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இல்லை. சிட்னி டி ஹான் என்ற ஓட்டல்காரர் ஃபோக்ஸ்டோன் என்ற கடலோர ஊரில் 1951-ல் தொடங்கியது. கோடை முடிந்ததும் ஓட்டல் ஈயடிக்கும். அந்த மாதங்களில் யாருக்கு லீவு இருக்கும் என்று யோசித்தார். ரிடையர் ஆனவர்களுக்கு வருஷம் பூரா லீவு! அவர்களை மலிவாக அழைத்து வந்து தங்க வைத்தார். அப்படி வளர்ந்து, பிற்பாடு கப்பலும் வாங்கினார்கள். 2019-ல் விட்ட ‘ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி’யில் மொத்தமே ஆயிரம் பயணிகளுக்குள்தான். எல்லா அறைக்கும் பால்கனி. தனி ஆளுக்கென்றே கட்டிய அறைகள் கிட்டத்தட்ட நூறு. வயது 50 ஆகியிருக்க வேண்டும். துணைக்கு வருகிறவருக்கு 40 ஆனாலும் போதும்.

பெரியப்பா கடைசியில் எந்தக் கம்பெனியைப் பிடித்தார் என்று எழுதினால், ஆசிரியர் என்னிடம் விளம்பரக் கட்டணம் கேட்பார். ‘புதுக் கம்பெனி’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாலு நாள் பயணத்துக்கு இரண்டு பக்கமும் கணக்குப் போட்டேன். பழைய கம்பெனியில் தலைக்கு 1,600 பவுண்டு. தனி ஆள் என்பதால் 3,200. கோல்டு கார்டுக்கு 160 கழித்தால் 3,040. இதயத்தில் ஸ்டெண்ட் வைத்த 76 வயதுக்காரருக்குப் பயண இன்ஷூரன்ஸ் 310. துறைமுகத்துக்குப் போக வர கார் 150. டிப்ஸ் 100. ஆகமொத்தம் 3,600. புதுக் கம்பெனியில் தனி ஆள் அறை 3,500. இன்ஷூரன்ஸ், வீட்டு வாசலுக்கு வரும் கார், டிப்ஸ் எல்லாம் அதிலேயே அடக்கம்.

வித்தியாசம் நூறு பவுண்டு! மாய்ந்து மாய்ந்து போட்ட கணக்கு கிட்டத்தட்ட டேலி ஆகிவிட்டது. பணத்தை வைத்து இந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது.

கோல்டு கார்டைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு பாயிண்ட் இருந்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் ‘மூழ்கிய செலவு’ என்று ஒன்று சொல்லித் தருவார்கள். ஏற்கெனவே செலவாகி, இனி எந்த வழியிலும் திரும்பி வராத பணம். அடுத்த முடிவு எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பதினாலு ட்ரிப்பும் அந்தக் கணக்குதான். அந்தக் கார்டின் இன்றைய மதிப்பு 160 பவுண்டும், கொஞ்சம் சலவையும், ஒரு ஆரஞ்சு ஜூஸும். கப்பல் விஷயத்தில் ‘மூழ்கிய’ என்ற வார்த்தையைச் சொல்வது நன்றாக இருக்காது என்று, ‘போன செலவு’ என்று மாற்றி அக்காவுக்கு விளக்கினேன்.

“எல்லாம் சரிடா. அம்மா ஞாபகம்?” என்றாள் அக்கா. அதற்கு பி.காம். சிலபஸில் பதில் இல்லை.

பெரியப்பாவிடமே கேட்டேன். “பெரியம்மா ஞாபகம் முழுக்க அந்தக் கப்பல்லதான இருக்கு? ஏன் பெரியப்பா மாத்தறீங்க?”

கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. “அதுக்காகத்தான்டா மாத்தறேன்” என்றார்.

தனியாகப் போன அந்த முதல் ட்ரிப்பில் முதல் நாள் ராத்திரி, அவர்களுக்கு வழக்கமாகப் பரிமாறும் கோவாக்காரப் பையன் மேஜையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறான். “மேடம் எங்கே சார்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். பெரியப்பா விஷயத்தைச் சொல்ல, அவன் கண் கலங்கி, சத்தமில்லாமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மறுநாள் ரூம் சுத்தம் பண்ணுகிறவர் கேட்டார். அதற்கடுத்த நாள் பியானோ வாசிக்கிறவர். அப்புறம் போட்டோ கடைக்காரர். அப்புறம், எப்போதும் அதே கப்பலில் வரும் மற்ற கோல்டு கார்டு தம்பதிகள்...

“பதினாலு நாள்ல பதினேழு பேருக்குக் கேதம் சொன்னேன்டா. நல்லவங்கதான். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் முதல்லேருந்து அவளை எடுக்க வேண்டியிருந்தது” என்றார்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு அது அதுவரை தெரியாது. மகளிடம் சொல்ல முடியாத சிலதைத் தம்பி மகனிடம் சொல்லலாம் போலிருக்கிறது. அக்கா அப்புறம் கோல்டு கார்டைப் பற்றிப் பேசவே இல்லை.

புதுக் கப்பலில் பெரியப்பா நார்வே போய்வந்தார். குறைகள் இல்லாமல் இல்லை. காபி சகிக்கவில்லையாம். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் கப்பலே தூங்கிவிடுகிறதாம். பெர்கன் நகரில் விடாத மழை. “எழுபத்தாறு வயசுல அங்கே நான்தான்டா வாலிபப் பையன்!” என்றார். ஆனால் ரூம் லிஃப்டுக்குப் பக்கத்தில். தனியாக வந்தவர்களுக்கென்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெரிய வட்ட மேஜை. முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு ஸ்காட்லாந்து பஸ் டிரைவர், மனைவியை இழந்தவர். எதிரே ஒரு ரிடையர்டு டீச்சரம்மா, கணவரை இழந்தவர். யாரும் ‘மேடம் எங்கே?’ என்று கேட்கவில்லை. அந்த மேஜையில் பாதிப் பேருக்கு அதே பதில்தான்.

இரண்டாம் நாள் பெரியப்பாவே ஆரம்பித்தாராம். கல்யாணமான புதிதில் பெரியம்மா ஜனவரி மாதக் குளிரில் வாயில் புடவையும் ஹவாய் செருப்புமாக லண்டன் ஏர்போர்ட்டில் வந்து இறங்கி, ‘இந்த ஊர்ல ஃபேனை எப்ப நிறுத்துவாங்க?’ என்று கேட்ட கதையை. மேஜையே சிரித்ததாம்.

“பழைய கப்பல்ல எல்லாருக்கும் அவளைத் தெரியும்டா. அதனால அவ செத்ததை மட்டும்தான் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. அதனால கல்யாணத்துலேருந்து சொன்னேன்.”

ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நண்பர்களே, உங்கள் அப்பாவும் ஒருநாள் எதையாவது மாற்றப் போகிறேன் என்பார். கப்பலாக இருக்காது. முப்பது வருஷம் வாக்கிங் போன பார்க்காக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம், குடியிருக்கும் வீடாகவே இருக்கலாம். உடனே பாயிண்ட், தள்ளுபடி, பழைய ஞாபகம் என்று லிஸ்ட் எடுக்காதீர்கள். ‘ஏம்ப்பா?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை சும்மா இருங்கள். கப்பலாகவே இருந்தால், ரூம் லிஃப்டுக்குப் பக்கமா என்று பாருங்கள். ஒவ்வொரு ஊரிலும் கப்பல் கரையோரம் நிற்குமா என்றும் பாருங்கள். சில ஊர்களில் கடலிலேயே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் இறக்குவார்கள், முழங்கால் தாங்காது. கட்டணத்தில் எத்தனை கட்டிலுக்குக் காசு வாங்குகிறார்கள் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

வருகிற வருஷம் அக்காவும் பெரியப்பாவோடு அதே கப்பலில் போகிறாள். கோல்டு கார்டு இப்போது மான்செஸ்டரில், பெரியம்மா போட்டோ ஃப்ரேமின் இடுக்கில் இருக்கிறது.

“நீயும் வாடா” என்றார் பெரியப்பா. விசாரித்தேன். எனக்கு 37. புதுக் கம்பெனியிலும் துணைக்கு வருகிறவருக்கு நாற்பது ஆகியிருக்க வேண்டுமாம். வேலைக்கு மனு போட்ட இடங்களில் எல்லாம் ‘வயசு கூடிப்போச்சே!’ என்று கேட்டே பழகிய எனக்கு, ‘வயசு பத்தாது’ என்று வந்த முதல் பதில் இதுதான். கடிதமாகக் கொடுத்தால் ஃப்ரேம் போட்டு மாட்டிவிடுவேன்!