சொல்லி அனுப்புகிறோம்

நம் ஆண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். சட்டையை இஸ்திரி போடு, ஷூவுக்குப் பாலீஷ் போடு, கதவைத் தட்டி அனுமதி கேள், உட்காரச் சொன்ன பிறகு உட்கார்... எல்லாம் சரி. தேர்வு முடிந்து, "சரி தம்பி, சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் அனுப்பி வைத்த பிறகு என்ன செய்வது? அதை எந்தச் சீனியரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு இன்றோடு இருபத்தி நாலாவது நாள்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் நம் கல்லூரிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி வந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். கார் உதிரி பாகம் செய்கிறவர்கள். பெயர் வேண்டாம். எழுத்துத் தேர்வில் அறுபது பேர் உட்கார்ந்தோம். வடிகட்டி எடுத்ததில் பத்தொன்பது பேர் மிஞ்சினோம். அதில் நானும் ஒருவன்.

உள்ளே மூன்று பேர். முதலில் ஆங்கிலத்தில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். நடுவில் இருந்தவர் சிரித்துவிட்டு, "தமிழ்லயே பேசு தம்பி" என்றார். மைக்ரோமீட்டரையும் ஒரு ஷாஃப்ட் துண்டையும் கையில் கொடுத்தார். ஸ்லீவில் 24.5 தாண்டியிருந்தது, திம்பிளில் 37ஆவது கோடு நேராக நின்றது. 24.87 மில்லிமீட்டர் என்றேன். தலையாட்டினார்.

அடுத்து, "ஃபிட்டுன்னா என்ன? புஸ்தகத்துல உள்ளத விடு, உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு" என்றார். எங்கப்பா திண்டுக்கல்லில் பூட்டு வேலை செய்கிறவர். அதைச் சொன்னேன். சாவி துளையில் இறுக்கமாக இருந்தால் திரும்பாது. லொடலொட என்று இருந்தால் கண்ட சாவியும் திறந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அப்பா அரத்தை வைத்து நாலு ராவு ராவி, போட்டுப் பார்த்து, இன்னும் ரெண்டு ராவு ராவி அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். நம் புத்தகம் அதற்கு டாலரன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த அம்மா ஏதோ குறித்துக்கொண்டார்கள்.

என்ன குறித்தார்கள்? இருபத்தி நாலு நாளாக என் தூக்கத்தைக் கெடுப்பது இந்த ஒரு கேள்விதான். ராத்திரி படுத்தால் 'நல்ல பையன்' என்று எழுதியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. விடிந்தால் 'ஆங்கிலம் வராது' என்று எழுதியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான்தான் முதல். அப்பா ஐந்தாவது, அம்மா எட்டாவது. அதனால் வீட்டில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் நானே நிபுணன்! "என்னப்பா, எடுத்துக்கிட்டாங்களா இல்லையா?" என்று அப்பா மறுநாள் காலையிலேயே கேட்டார். "ஒரு வாரத்துல சொல்லுவாங்கப்பா." ஒரு வாரம் போனது. "ஏன் இன்னும் சொல்லல?" அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அப்பாவின் தொழிலில் இந்தத் தொல்லை கிடையாது. சனிக்கிழமை பூட்டுகளைக் கொண்டுபோய்க் கடையில் வைப்பார். முதலாளி ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பார்ப்பார். சரியென்றால் அங்கேயே காசு. சரியில்லை என்றால் முகத்துக்கு நேராகத் திருப்பித் தந்துவிடுவார். அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி அரத்தை எடுப்பார். அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கித் திண்டுக்கல் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரில் படம் எல்லாம் வந்தது. ஆனால் அப்பாவுக்குக் கூலி ஏறவில்லை. இத்தனை கஷ்டத்திலும் அவர் வேலை நல்லதா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். "நல்லாயில்லன்னாலும் சொல்லிரணும்ல? அதென்ன பேசாம இருக்கறது?" என்று அவர் கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

பிளேஸ்மெண்ட் சாரிடம் கேட்டேன். அவர் விளக்கமாகச் சொன்னார். தேர்வானவர்களின் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்தாகி வர வேண்டுமாம். அதற்குப் பிறகு மெடிக்கல். தேர்வானவர்களில் நாலு பேர் வேறு இடம் போய்விட்டால் அடுத்தவர்களைக் கூப்பிடுவார்களாம். அதனால்தான் மற்றவர்களிடம் 'இல்லை' என்று சொல்லாமல் வைத்திருக்கிறார்களாம். கம்பெனிக்கு அது வசதி. நமக்கோ திரிசங்கு சொர்க்கம்! பத்தொன்பது பேருக்கு ஒரு மெயில் தட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? 'இல்லை' என்று வந்தால் ஒருநாள் அழுதுவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாமே.

போன் கதையைச் சொல்ல வேண்டும். படிவத்தில் இரண்டு நம்பர் கேட்டார்கள். ஒன்று என்னுடையது, இன்னொன்று அப்பாவின் பட்டன் போன். முன்பெல்லாம் அதை ஆணியில் தொங்கும் சட்டைப் பையில் போட்டுவிட்டு வேலை பார்ப்பார். இப்போது வைஸ் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அரம் போடும் சத்தத்தில் மணி கேட்காதாம், அதனால் அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் போனுக்கு 28 நாள் ரீசார்ஜ். அது முடிந்து அப்படியே விட்டால் சில நாளில் வெளியிலிருந்து வரும் அழைப்பும் நின்றுபோகும். வேலை வரும் நேரம் பார்த்து போன் செத்துவிட்டால்? அடுத்த ரீசார்ஜுக்கு இப்போதே பணம் எடுத்து வைத்துவிட்டேன்.

044 என்று தொடங்கும் நம்பரைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. இதுவரை மூன்று வந்தன. மூன்றுமே கடன் வேண்டுமா என்று கேட்டவைதான். 140 என்று தொடங்கினால் விளம்பரம் என்று பழகிவிட்டது, எடுப்பதில்லை. பதினாறாவது நாள் ஒருவன் என் பெயரையும் கல்லூரியையும் சரியாகச் சொல்லி, "செலக்ட் ஆயிட்டீங்க, யூனிஃபார்ம் டெபாசிட் 2,500 இன்னைக்கே அனுப்புங்க" என்றான். பக்கத்தில் இருந்த அப்பா மறுபேச்சில்லாமல் எழுந்து பணம் எடுக்கப் போனார். "கம்பெனி மெயில்ல இருந்து லெட்டர் அனுப்புங்க சார், அனுப்பினதும் கட்டுறோம்" என்றேன். சாதாரண ஜிமெயிலிலிருந்து ஒன்று வந்தது, அதில் கம்பெனிப் பெயரிலேயே எழுத்துப் பிழை. வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்க மாட்டான் நண்பர்களே, இதை மட்டும் எல்லோரும் மனசில் வையுங்கள். அன்று அப்பா எடுத்த பணத்தைத் திரும்ப டப்பாவில் வைத்ததைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். அம்மா வேலை பார்க்கும் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு டிப்ளமோ பையன் வேண்டுமாம். பரீட்சை முடிந்ததும் சேரலாம், வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனால் மாதக் கடைசிக்குள் சரி, இல்லை என்று சொல்லியாக வேண்டும். இன்னும் எட்டு நாள். தங்கச்சி பத்தாவது முடிக்கிறாள், அவளும் பாலிடெக்னிக்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எனக்கு இரண்டாம் ஆண்டு பி.ஈ. நேராகச் சேரவும் ஆசை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை உண்டு. அதை இப்போது வீட்டில் வாய்திறந்து சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாமா வேறு, "எல்லாம் ஆளப் புடிக்கிறதுதான்டா" என்று தினமும் பாடம் நடத்துகிறார். எந்த ஆளை, எங்கே போய்ப் பிடிப்பது என்று கேட்டால் பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் சொன்னார்: "நாமளே கேட்டுப் பாக்கலாமேப்பா. கடையில சரக்கக் குடுத்துட்டுக் காசு வரலன்னா நான் கேக்க மாட்டேனா?"

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று அதுவரை பயந்து கிடந்தேன். உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஐந்து வரி மெயில் தயார் செய்தேன். பெயர், டிப்ளமோ பிரிவு, தேர்வு நடந்த நாள், வேறொரு வாய்ப்புக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் என் நிலையைத் தெரிவிக்கவும். அவ்வளவுதான். அப்பா தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். கையில் பாதி ராவிய சாவியோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "தயவு செஞ்சுன்னு ரெண்டு எடத்துல வருதே. எதுக்கு? ஒண்ணு போதும்" என்றார்.

ஒன்றை அழித்துவிட்டு அனுப்பினேன். நாலு நாள் ஆகிறது. மலர்க் குழுவினர் நாளை அச்சுக்குப் போகிறது என்று கட்டுரையைப் பிடுங்கிக்கொண்டு போக நிற்கிறார்கள். இன்னொரு முறை மெயிலைத் திறந்து பார்த்துவிட்டுத் தருகிறேன்.

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)