மீன் ஏணி

நவம்பர் ஞாயிறொன்றில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு, சாக்ரமெண்டோ அருகே அமெரிக்கன் ஆற்றங்கரையிலுள்ள நிம்பஸ் மீன்குஞ்சுப் பொரிப்பகத்துக்குச் சென்றோம். 1955இல் நிம்பஸ் அணை எழுந்ததும், சால்மன்கள் முட்டையிட்டுவந்த மேலாற்றுக்கு வழி அடைபட்டது. அந்த இழப்புக்கு ஈடாகக் கட்டப்பட்டது இது. 2023லும் 2024லும் கலிபோர்னியக் கடலில் சால்மன் பிடிக்கவே தடை விதிக்க நேர்ந்ததை நினைத்தால், ஈடு போதவில்லை என்றே தோன்றுகிறது.

பார்வையாளர் கூடத்தில் குழந்தைகளுக்கான படங்கள் அழகாகவே இருந்தன. நாங்கள் நின்றுவிட்டது வெளியே, மீன் ஏணியருகில். சில ஆண்டுகள் கடலில் திரிந்து, பிறந்த நீரின் வாசனையைத் தேடி வந்த சினூக்குகள். நன்னீரில் நுழைந்ததிலிருந்து இரை தின்னாதவை. தோலுரிந்த உடலோடு படிப்படியாக எம்பின. உச்சியில் காத்திருப்பது கத்தி. கொன்று, வயிற்றைக் கிழித்தே முட்டையை எடுக்கிறார்கள். ஆற்றில் விட்டாலும் முட்டையிட்டபின் அவை இறந்துவிடும் என்பது விளக்கம். மறுக்க இயலாத விளக்கம்தான். ஆயினும் தொண்டை அடைத்தது.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. காரில் ஏறிய பிறகு, "இதுகளுக்கு வழி மறக்கலை, பாரு" என்றார்.

யாரைக் குறித்துச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.