'பாவுதல்' என்ற சொல்லைப் பற்றி

இன்று கொஞ்சம் கணக்கு.

துண்டுகளைச் சந்து விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வைத்துத் தரையை நிரப்புவதை ஆங்கிலத்தில் 'டெஸலேஷன்' என்பார்கள். லத்தீனில் 'டெஸெல்லா' என்றால் சிறு சதுரக் கல். ரோமானியக் கொத்தனாரின் சொல் கணிதத்தில் ஏறிவிட்டது. நம் கொத்தனாரின் 'பாவுதல்' ஏன் ஏறக்கூடாது?

நார்த்தாமலையில் கல் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் என்னிடம் நிறையப் படித்தார்கள். தரைக்குக் கல் பாவுவதும், நாற்றங்காலில் விதை பாவுவதும் அவர்களுக்குத் தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒழுங்கு ஐங்கோணங்களாக வெட்டிக் கொடுத்தேன். கணக்கில் தேறாத பையன் ஒருவன் பார்த்ததுமே, "இது சந்து விடும் டீச்சர்" என்றான். மூன்று ஐங்கோண மூலைகள் சேர்ந்தால் 324 பாகைதான். 36 பாகை இடைவெளி. அதே விஷயம் ஒரு தேர்வில் வாயில் நுழையாத சொல்லில் வந்தது. விடைத்தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். எட்டாவதோடு நின்றுவிட்டான். இப்போது டைல்ஸ் போடுகிறான், நல்ல வேலைக்காரன்.

கோலத்திலும் சொல் இருக்கிறது. நேர்ப்புள்ளி சதுரக் கட்டம். ஊடுபுள்ளி முக்கோணக் கட்டம். 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை என்றால் அறுகோணம் வந்துவிடும். எந்தப் பெண்ணும் இதற்கு அகராதி தேடியதில்லை.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சதுரக் கல்லையே வரிசைக்கு வரிசை இஷ்டம்போல் நகர்த்தினால், ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராமல் பாவலாம். அது 'திரும்பாத பாவல்'. எப்படிப் பாவினாலும் திரும்ப வரவே முடியாத கல் வேறு. அதை நான் 'திரும்பவிடாத கல்' என்பேன். இரண்டையும் 'ஒழுங்கற்ற' என்று எழுதுவது தப்பு.

இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித் என்பவர், அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், அப்படிப்பட்ட கல் ஒன்றைக் கண்டுபிடித்தார். 13 பக்கம், பெயர் 'தொப்பி'. 2023 மார்ச்சில் மூன்று பேருடன் சேர்ந்து நிரூபணத்தை வெளியிட்டார்.

அந்தப் படத்தை நம்ம டைல்ஸ்காரனிடம் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், நடுநடுவுல சிலது குப்புறத் திரும்பிக் கிடக்கு. டைல்ஸை அப்படிப் போட முடியாது, அதுக்குத் தனி அச்சு வேணும்."

கணித உலகத்திலும் இதே ஆட்சேபணைதான் எழுந்தது. குப்புறப் போடத் தேவையில்லாத வடிவத்தை அதே நால்வர் 2023 மே மாதம் வெளியிட்டார்கள்.