மாத்திரையோடு ஒரு கேள்வி

அக்டோபர் 1

இன்று உலக முதியோர் நாள். வாழ்த்துச் செய்திகளைவிட இரண்டு எண்கள்தான் மனதை அரிக்கின்றன. முதுமை பற்றி 2017–18இல் நாடு முழுவதும் நடந்த ‘லாசி’ ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும். நோய் என்று கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்களோ 0.8 சதவீதம்தான். நம் முதியவர்கள் யாரும் ‘மனசு சரியில்லை’ என்று வந்து நிற்பதில்லை. ‘ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல, வாய்க்கு எதுவும் பிடிக்கல, கால் குடையுது’ என்பார்கள். கேட்பவரும் ‘வயசாச்சுல்ல’ என்று முடித்துவிடுவார். வயதுதான் காரணமென்றால், அதே வயதில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் இந்த நோயில்லாமல் இருப்பது எப்படி?

அக்டோபர் 3

இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் புதிதாக ஒரு துறை வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை தருகிறார்கள். அளக்கும்போது பேசக் கூடாது. பட்டையைக் கழற்றியதும், ‘முன்ன மாதிரி எதுலயாவது மனசு ஒட்டுதா பாட்டி?’ என்று கேட்கலாமே. இவர்கள் மருத்துவர்கள் இல்லையே என்பார்கள். ஆனால் கோவாவில் நடந்த ஓர் ஆய்வில், மனச்சோர்வின் லேசான அறிகுறிகள் இருந்த 181 முதியோரில் ஒரு பிரிவினருக்கு, மனநல மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்களே துணையிருந்தார்கள். அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்கும் முறை, தூக்கத்தைச் சீராக்குவது, சர்க்கரை போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்வது, கிடைக்க வேண்டிய உதவிகளைப் பெற வழிகாட்டுவது ஆகியவைதான் சிகிச்சை. (உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவதும் மனதுக்கு மருந்துதான் என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன்.) ஓராண்டில் அவர்களில் 4.4 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு முற்றியது. மற்றப் பிரிவில் 14.4 சதவீதம். 2019இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. நோய் ஏற்கெனவே முற்றியவர்களை மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். ஆனாலும் தொடங்குவதற்கு இந்தச் சான்று போதும்.

தன்னார்வலர்களுக்கு இருக்கும் வேலையே அதிகம் என்பது நியாயமான வாதம். கேள்வியைக் கூட்டினால் ஊக்கத்தொகையையும் கூட்ட வேண்டும். ஒருவர் பார்க்கும் வீடுகளைக் குறைக்க வேண்டும். இதெல்லாம் பிள்ளைகளின் கடமையல்லவா என்ற வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைக்குப் பாரமாகிவிடக் கூடாதென்று வாயே திறக்காத முதியவர், மாதாமாதம் வரும் பெண்ணிடம் மனம்விட்டுப் பேசக்கூடும். வீட்டார் காதில் விழாத இடமாகப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க, பயிற்சியின் முதல் நாளிலேயே அவருக்குச் சொல்லித்தர வேண்டும்.