புள்ளி எது, மைத்துளி எது

கல்யாண் கிழக்கில் பெற்றோருடன் வசிக்கும் ஓர் ஆய்வு மாணவி, சென்ற ஆண்டு வரை வீட்டில் அச்சுப்பொறி தேவையில்லை என்றே எண்ணியிருந்தார். நிலையத்துக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. பென் டிரைவை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் தாள் கைக்கு வரும். அடுத்த வண்டியைப் பிடித்துவிடலாம்.

ஒரு நாள் கடைக் கணினியின் முகப்பில், மூன்று வாரங்களுக்கு முன் அச்சிட்ட தம் கோப்பு அப்படியே கிடப்பதைக் கண்டார். தாராவியில் திருநெல்வேலிப் பின்புலமுடைய குடும்பங்களிடம் பதிவு செய்த உரையாடல்களின் எழுத்துப்படி அது. பெயர்கள் இன்னும் மாற்றப்படவில்லை. ஒரு மூதாட்டி தம் மருமகளைப் பற்றி மனம்விட்டுச் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. ஒப்புதல் படிவத்திலோ, அடையாளம் எவருக்கும் வெளிப்படாது என்று மாணவியே கையெழுத்திட்டிருந்தார்.

"தமிழ் இங்கே யாருக்குப் படிக்கத் தெரியும், தாயி?" என்று கடைக்காரர் மராத்தியில் சிரித்தார். கல்யாணில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்மீது குற்றமும் இல்லை. வரிசையில் நிற்பவரை அனுப்புவதே அவர் வேலை. கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு வீடு திரும்பிய இரவில்தான் அச்சுப்பொறி தேடும் படலம் தொடங்கியது.

நண்பர்கள் சொன்ன யோசனைகள் எல்லாம் விலையையும் வேகத்தையும் சுற்றியே இருந்தன. உண்மையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஒரு முறை அச்சிட்டபின் மறுமுறை அச்சிட எத்தனை நாள் ஆகும்? ஆய்வாளரின் அச்சு வேலை மழை போன்றது. இரண்டு மாதம் ஒன்றுமே இருக்காது. பிறகு இரண்டே நாளில் முந்நூறு பக்கம் கொட்டும். வீட்டுப் பரணில் கிடந்த பழைய மை அச்சுப்பொறி பாழானதும் இந்த இடைவெளியால்தான். களப்பணிக்காகத் திருநெல்வேலிக்குப் போய் ஏப்ரல், மே இரண்டு மாதமும் அங்கே தங்கித் திரும்பியபோது, ஒவ்வொரு வரியிலும் வெள்ளைக் கோடு விழுந்தது.

அதன் காரணம் எளிது. இத்தகைய பொறிகளின் மையில் பெரும்பகுதி நீர். மயிரிழையினும் மெல்லிய துளைகள் வழியே அது தெறிக்கவேண்டும். பயன்படுத்தாமல் விட்டால் துளையின் வாயிலேயே உலரும். அடைப்பை நீக்கப் பொறி தானே மையைப் பீய்ச்சிக் கழுவும். கழுவிய மை அடியிலுள்ள பஞ்சுக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய மையில் ஒரு பங்கு தாளையே காண்பதில்லை. சிறிய மைப்பெட்டிகளில் பல 200 பக்கம்கூடத் தாண்டாதவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பொறியின் மலிவு எங்கே ஈடுகட்டப்படுகிறது என்பது விளங்கும்.

மைத்தொட்டி வகை இதற்கு ஒரு மாற்று. எப்சன் நிறுவனம் 2010இல் முதலில் இந்தோனேசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை அது. புட்டியிலிருந்து மையை ஊற்றிக்கொள்ளலாம். ஒரு கரும்புட்டிக்குச் சில ஆயிரம் பக்கம் வரும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில், வாரம் இருமுறையாவது வண்ணப் படம் அச்சிடுவோருக்கு இதைவிட நல்லது இல்லை. டோம்பிவ்லியில் இருக்கும் அண்ணன் வீட்டில் அது குறையின்றி ஓடுகிறது. எனினும் தொட்டி பெரிதாவதால் துளை பெரிதாகிவிடுவதில்லை. இரண்டு மாதம் பூட்டிவைத்தால் அதுவும் அடைபடலாம்.

லேசர் பொறியில் உலர்வதற்கு ஒன்றுமில்லை. டோனர் என்பது ஏற்கெனவே உலர்ந்த நெகிழித்தூள். ஏறத்தாழ 200 டிகிரி வெப்பமுள்ள உருளை அதைத் தாளோடு உருக்கி ஒட்டுகிறது. ஆண்டு முழுதும் சும்மா கிடந்தாலும் முதல் பக்கம் ஒழுங்காக வரும். ஆனால் அந்த வெப்பத்துக்கு ஓடும்போது சில நூறு வாட் வேண்டும். சூடேறும் கணத்தில் இன்னும் கூடுதல். மகாவிதரணின் மின்சாரம் தடைப்பட்டால், மின்விசிறிக்கும் விளக்குக்கும் வாங்கிய இன்வெர்ட்டரில் அதை மாட்டக்கூடாது. மின்சாரம் வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான்.

முடிவு செய்ய வைத்தவை இரண்டு. ஒன்று, மழை. ஜூலையில் கல்யாணிலிருந்து குர்லா வரை ரயிலில் நெருக்கப்பட்டு, அங்கிருந்து பேருந்தில் காலினா வளாகம் சேர்வதற்குள் பையின் ஓரம் நனையாமல் இராது. சாயமையில் அச்சிட்ட இயல் ஒரு முறை நீலமும் கருமையுமாகக் கரைந்து நெறியாளர் மேசைக்குப் போயிருக்கிறது. நிறமித்துகள் கலந்த கருமை அவ்வளவு கரையாது; டோனர் கரைவதே இல்லை.

மற்றொன்று, தந்தை. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரான அவரே எழுத்துப்படிகளின் முதல் வாசகர். திருநெல்வேலிப் பேச்சு அவர் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒருநாள் தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இதுல நீ வச்ச புள்ளி எது, மெஷின் வச்ச புள்ளி எது?" என்றார். மெல்லிய தாளில் மை பரவி, 'வீட்ல' என்பதன் புள்ளி மேல்வரியோடு கலந்து 'வீடல' ஆகியிருந்தது. உயிர் எங்கே கெடுகிறது என்பதே ஆய்வாக இருக்கும்போது, அந்தப் புள்ளிதான் தரவு. டோனர் தாளில் ஊறிப் பரவாது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அடக்கமான அளவே தமிழுக்குப் போதும்.

கடைகளில் கொம்பு தனியே பிரிந்து அச்சாவதற்கும் அச்சுப்பொறியே காரணம் என்று மாணவி முன்பு நம்பியிருந்தார். அது தவறு. ஒருங்குறியில் கொம்பு மெய்க்குப் பின்னேதான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது கணினியிலுள்ள மென்பொருளும் எழுத்துருவும். எழுத்துருவை உட்பொதித்துப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எந்தப் பொறியும் ஒழுங்காக அச்சிடும். இதற்காக விலையுயர்ந்த பொறி தேடுவது வீண்.

இறுதியில் வந்தது கறுப்பு மட்டும் அச்சிடும் சிறிய லேசர் பொறி. இருபுறமும் தானே அச்சிடும். பெட்டியோடு வந்த டோனர் முழு அளவினது அன்று என்பதைக் கேட்டறிந்து, மாற்று டோனரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட்டார். நிறுவனத்தின் செயலி வழியே தொலைவிலிருந்து அச்சிடும் வசதியை அணைத்துவிட்டு, கணினியோடு கம்பியால் இணைத்தார். கடையிலிருந்து மீட்ட கோப்பை இன்னொரு நிறுவனத்தின் வழங்கியில் கொண்டுபோய் வைப்பானேன்?

மழைக்காலத்தில் பிரித்த தாள்கட்டு ஈரம் குடித்துச் சுருண்டு சிக்கிக்கொள்ளும் என்று அம்மா அதை அரிசி டப்பாவுக்கு அருகே, மூடியுள்ள வாளியில் வைத்திருக்கிறார். மூதாட்டியின் பெயர் இப்போது எழுத்துப்படியில் 'த-7'. முதல் நாற்பது பக்கங்களைத் தந்தை மூன்று நாளில் படித்து முடித்தார். சிவப்பு மையில் பதினொரு இடத்தில் சுழித்திருந்தார்; அவற்றுள் ஒன்பது சரி.